இருவருக்கு மட்டும்

மார்ச் 3

மழை. காலை முழுதும் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டி பிரித்தல். கொத்தமல்லி கேட்டவருக்குக் கறிவேப்பிலை கட்டிக் கொடுத்தேன். மனம் இங்கே இல்லை.

நாளை கு.வுடன் மதியச் சாப்பாடு. குமரன் என்று முழுதாக எழுத இன்னும் கூச்சம். எபினே புறநகரில் தனியாக இருப்பவர், சனிதோறும் கீரை வாங்க வருவார். புதன் லீவை நாளைக்கு மாற்றிக்கொண்டேன்.

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து ஸ்டேக் கடை. எட்டு வருடமாக அதன் கண்ணாடியைத் தாண்டித்தான் வீடு. எலும்போடு வாட்டிய பெரிய மாட்டு விலாத்துண்டு, பலகையில் வைத்துக் கொண்டுபோவார்கள். வெளியே தொங்கும் அட்டையில்: இருவருக்கு மட்டும். விவாகரத்துக்குப் பிறகு அந்த வரிமேல் எனக்கு ஒரு கோபம்.

அம்மா போனில் கேட்டால், கோழி என்பேன்.

பயம் ஒன்றுதான். நாளைக்குப் பிறகும் கூப்பிடுவாரா? கூப்பிட வேண்டும்.

நீலச் சட்டைக்குப் பொத்தான் தைக்க.

மார்ச் 4

உள்ளே இருந்து பார்த்தால் தெருவே வேறு. குடைகள் மெல்ல மிதந்து போயின. நானும்தான்.

கு. மெனு அட்டையைத் திறக்கவேயில்லை. இருவருக்கானது என்றார். நன்றாக வேகட்டும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இங்கே உள்ளே சிவப்பாக இருந்தால்தான் ருசி என்பார்கள்; பரிமாறும் பெண்ணின் முகம் தொங்கிப்போனது.

பலகை வந்தது. வெண்ணெய் மணம். கத்தியை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"இண்டைக்கு வெள்ளியெல்லே?"

"ஓம்."

லீவு என்றால் எனக்கு அது புதன். அவர் ஏன் மறந்தார் என்று கேட்கவில்லை. மாடு தின்னப் பழகிவிட்டோம், வெள்ளியில் மச்சமாமிசம் தொட மட்டும் இருவருக்கும் மனம் வராது. சிரித்துச் சிரித்துக் கண்ணீர். பொரித்த உருளைக்கிழங்கு சாப்பிட்டோம். இன்னொரு தட்டும்.

இறைச்சியைச் சுற்றித் தந்தார்கள். மெத்ரோ வாசலில் பொதியை என் கையில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"தனியச் சாப்பிட்டிடாதேங்கோ. நாளைக்குப் பின்னேரம் நான் வாறன்."

முகவரி எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு எப்படி வந்தேன், தெரியாது.

மார்ச் 5, சனி (கலண்டர் பார்த்து எழுதியது)

மழை விடவில்லை. கடையிலிருந்து வந்து மூன்று முறை பிரிட்ஜைத் திறந்து பார்த்தாயிற்று. பொதி இருக்கிறது. வெங்காயம், மிளகு போட்டுப் பிரட்டினால் போதும். தட்டு இரண்டு. நல்ல கத்தி ஒன்றுதான், மாறி மாறி வெட்டலாம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே கு., கையில் பாண் ரொட்டி, நனைந்தபடி. வாசற்கதவின் இலக்கப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு. முகவரி கொடுத்த நான், கதவு திறக்க அழுத்தும் கோட் இலக்கத்தைக் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ, கூப்பிடவுமில்லை, போகவுமில்லை. ஓடுகிறேன்