அறிக்கையில் முதல் கையெழுத்து

மில்வாக்கி, அக்டோபர் 2020

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிறுதோறும் போனில் பேசியும் கடிதம் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னியுங்கள். முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் பெண்கள் காப்பகம் இனவெறியை எதிர்ப்பதாக அறிக்கை வெளியிடப்போகிறது. "எங்கள் கறுப்பின ஊழியர்களிடம் கேட்டறிந்தோம்" என்று அதில் இருக்கிறது. இங்கே கறுப்பின ஊழியர்கள் என்றால் நானும் சமையலறை ஒர்லீன் அக்காவும்தான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "என்கிட்ட கேட்டாங்களே, சூப் ரெடியான்னு" என்றார்.

இயக்குநர் மெரிடித்தோ, "நீ முதல் ஆளா கையெழுத்துப் போட்டா அழகா இருக்கும், டெலோரா கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். மாதக் கடைசிக்குள் போட வேண்டுமாம். அந்தச் சிரிப்பை நம்ப முடியவில்லை.

மிளகாய்ச் சாஸ் ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கே எதிலும் காரமில்லை. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

கையெழுத்துப் போடாமல் என் வேலை போனால், நான் வீட்டுக்கு வந்துவிடலாமா அம்மா?