ஏழு நாள் அட்டை

மார்ச் 3, செவ்வாய்

நோயாளிகளைப் பார்க்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்ட என் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அனுமதிக் குழுவில் டாக்டர்கள் எல்லாரும் சரி என்றுதான் சொன்னார்களாம். ஒரே ஒரு கட்டம் காலி: பொறுப்பு மருத்துவரின் கையெழுத்து. போன முறை போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவரிடம் நாளை வாங்கலாம், நாளை வாங்கலாம் என்று தள்ளிப்போட்டது நான்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்று யாரையாவது திட்ட ஆசை. ஆனால் இதில் பூசாரியும் நானே.

பழைய அனுமதி பிப்ரவரி 28-உடன் முடிந்தது. குழு மறுபடி கூடுவது ஏப்ரல் 7-ல். ஆபீஸ் கிளார்க் (ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு முத்திரை என்றுதான் பெயர்) சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுவரைக்கும் நோயாளிங்கள தொடாதீங்க மேடம். கேஸ் ஷீட்ல ஒரு எழுத்துகூட எழுதாதீங்க. போன வருஷம் அப்படி எழுதின பிசியோவுக்கு வேலையே போச்சு, ஞாபகம் இருக்கில்ல?"

பத்தொன்பது வருடமாக, பக்கவாதத்தில் விழுங்க மறந்தவர்களுக்கு விழுங்கக் கற்றுக்கொடுக்கிறேன். இங்கே இந்த வேலைக்கு நான் ஒருத்திதான். இன்று ஸ்பூன்களை அளவுவாரியாக அடுக்கிவைத்தேன். பிறகு கலைத்து மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரர் சொல்கிறார்: "ஒரு மாசம்தானே. வாய மூடிக்கிட்டு இரு." என்னைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறார்.

மார்ச் 5, வியாழன்

14-ஆம் படுக்கைத் தையல்காரரின் மகள் என் அறைக்கே வந்துவிட்டாள். "நாலு நாளா வரலியே அக்கா? அப்பா கதவையே பாத்துக்கிட்டு இருக்காரு."

மூன்று வாரமாக என்னுடைய ஆள் அவர். மூக்குக்குழாய் வழியாகத்தான் ஆகாரம். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் தெரியும்: பாதி மூச்சுக்குழாயில் இறங்குகிறது. ஆனால் மனிதர் இருமுவதில்லை. இருமுகிறவர் பிழைத்துக்கொள்வார், இருமாதவர்தான் ஆபத்து. ஒருநாள் என் சட்டைக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குழறிக் குழறிச் சொன்னார்: "யாரும்மா தெச்சது? மோசம்." நல்ல வார்த்தை வந்துவிட்டது என்று அன்று நான்தான் கைதட்டினேன்.

மகளிடம், "ஒரு காகிதம் வரணும்மா, வந்ததும் வந்துடறேன்" என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

அவர் தலைமாட்டில் தொங்கும் அட்டை இன்றோடு முடிகிறது. 'வாய்வழி எதுவும் தரக்கூடாது.' ஏழு நாளைக்கு ஒருமுறை நான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கழற்றிவிடுவார்கள். யாரையும் மறந்துபோய்ப் பட்டினி போடக் கூடாதே என்று அந்த விதியைக் கேட்டு வாங்கியதே நான்தான்.

வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "வாயால சொன்னா நான் எத வெச்சுப் பேசறது? எழுதிக் குடுங்க." எழுத முடியாதே. சின்ன டாக்டரைப் பிடித்தேன். "நான் எழுதிடறேன்க்கா, கவலப்படாதீங்க" என்றார். மூன்று தரம் தலையாட்டினார்.

மார்ச் 9, திங்கள்

அட்டை இல்லை. குழாயும் இல்லை.

சின்ன டாக்டர் எழுதவில்லை, மறந்து லீவில் போய்விட்டார். சனிக்கிழமை வந்த வேறு டாக்டர், தேதி முடிந்த அட்டையைப் பார்த்து, அரை டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். இருமவில்லை. பாஸ்!

வார்டு வாசலில் நின்றேன். மகள் முகமெல்லாம் பல். "அப்பா பால் குடிச்சாரு அக்கா! பால்ல ரொட்டி ஊறவெச்சுக்கூடக் குடுத்தேன்!" தையல்காரர் என்னைப் பார்த்து, "வாம்மா" என்றார்.

குரலில் ஈரம். தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுகிறாற்போல. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வேன்.

நிறுத்து என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. சொன்னேனா? "உக்கார வெச்சு, மெதுவா குடுங்கம்மா" என்றேன். சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முத்திரை சொன்ன பிசியோ கதைதான் மண்டைக்குள் ஓடியது. சீ. என்ன பிறவிடீ நீ?

மார்ச் 10, செவ்வாய்

பொறுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன்: '14-ஆம் படுக்கை. குரல் ஈரமாக உள்ளது. வாய்வழி உடனே நிறுத்தவும்.' தேதி, கையெழுத்து. அனுமதி எண் எழுதும் இடத்தில் ஒன்றுமில்லை. சிஸ்டர் இரண்டு தரம் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இத ஃபைல்ல வெச்சா உங்க வேலை போயிடும். நான் பாக்கல, நீங்களும் குடுக்கல. டாக்டர் வரட்டும், சொல்றேன்."

சொன்னாராம். "இருமலே இல்லியே" என்றாராம் டாக்டர்.

மார்ச் 12, வியாழன்

காய்ச்சல்.

மார்ச் 13, வெள்ளி

வலது நுரையீரலில் சளி கட்டிவிட்டது. தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது மறுபடி குழாய். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

காலை பத்தே முக்காலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 18, புதன்

மகள் சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். பால் கொடுத்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "கடகடன்னு ஊட்டிட்டேனோ அக்கா? நீங்க மெதுவான்னுதானே சொன்னீங்க. நான்தான் கேக்கல."

நான் வாயைத் திறக்கவில்லை. இதுவும் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு மாதத்துக்குள் அடங்கும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. முத்திரை தானே கொண்டுவந்து கொடுத்தார். "மார்ச் ஒண்ணுலேர்ந்தே செல்லும்னு போட்டிருக்கு மேடம். உங்க சர்வீஸ்ல ஒரு நாள்கூட ஓட்டை விழாது." நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது. 

காகிதப்படி, மார்ச் முழுக்க நான் தகுதியோடு வார்டில் இருந்தவள். எழுதியிருக்கலாம். தொட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் விட்டவள் என்றுதான் இனி ஆகும்.

ஏப்ரல் 8, புதன்

நினைத்தது சரி. மகள் புகார் எதுவும் கொடுக்கவில்லை, 'அப்பா ஏன் இறந்தார்' என்று ஒரு கேள்விதான் எழுதிக் கேட்டிருக்கிறாள். ஆபீஸில் பதில் தயாராகிறது: அனுமதி பெற்ற விழுங்கல் பயிற்சியாளர் அந்நாட்களில் பணியில் இருந்தார், ஆட்சேபம் எதுவும் பதிவாகவில்லை, உணவு ஊட்டியது குடும்பத்தினர். என் விளக்கத்தை இரண்டு வரியில் கேட்கிறார்கள். 'இதற்கு உடன்படுகிறேன்' என்றால் போதுமாம், யாருக்கும் ஒன்றும் ஆகாதாம்.

யாருக்கும் என்றால்? அந்தப் பெண்ணுக்கு?

ஏப்ரல் 9, வியாழன்

சிஸ்டர் வந்தார். நாலாக மடித்த அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். "வீட்டு அலமாரில வெச்சிருந்தேன். தூக்கமே வரல. குடுத்துடுங்க. எனக்கு வர்றத நான் பாத்துக்கறேன்."

விளக்கத்தோடு அதை இணைத்தேன். ஆனால் அது மார்ச் பத்தாம் தேதித் தாள். ஒன்பதாம் தேதியைப் பற்றிக் கேட்க யாருமில்லை, சாட்சியும் இல்லை. இருந்தாலும் முதலில் அதைத்தான் எழுதினேன்: 'மார்ச் 9 அன்று அவர் குரலைக் கேட்டேன். ஆபத்து என்று தெரிந்தது. அனுமதி இல்லாததால் பயந்து, மகளிடம் நிறுத்தச் சொல்லவில்லை.' இரண்டு வரிக்குமேல் போய்விட்டது.

ஏப்ரல் 10, வெள்ளி

மகள் வீட்டுக்குப் போனேன். தையல் மெஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். "நீ ஊட்டினதுல தப்பே இல்லம்மா. ஊட்டவே கூடாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

மெஷின்மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள். "அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல?"

"பயம்."

"போங்க" என்றாள். அக்கா என்று கூப்பிடவில்லை. நியாயம்தான்.

திரும்பி வந்து, 14-ஆம் படுக்கைக்கு வந்திருக்கும் புதிய ஆளைச் சோதித்தேன். ஓய்வுபெற்ற தபால்காரர். இவரும் இருமவில்லை. அட்டை எழுதி மாட்டினேன்.

ஏப்ரல் 16, வியாழன்

உத்தரவு வந்தது. சிஸ்டருக்கு எச்சரிக்கை. எனக்கு, தெரிந்த ஆபத்தைப் பதிவு செய்யாததால், விசாரணை முடியும்வரை அனுமதி நிறுத்திவைப்பு. மகளுக்கும் நகல் போகிறது. அதில் 'உணவு ஊட்டியது குடும்பத்தினர்' என்ற வரி இல்லை. நாலு தரம் தேடிப்பார்த்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

தபால்காரரின் அட்டை இன்றோடு முடிகிறது. காலையில் வார்டுக்குப் போனேன். ஒரு ஸ்பூன் தண்ணீர், தொண்டையில் விரல். பாதி தப்பான வழியில்தான் போகிறது. புது அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். கேஸ் ஷீட்டிலும் முழுசாக எழுதினேன். எண் எழுதும் இடத்தில், 'அனுமதி நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதினேன்.

சிஸ்டர் படித்துப் பார்த்தார். இந்த முறை மடிக்கவில்லை. ஃபைலில் வைத்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். பதினொரு மணிக்கு முத்திரை கூப்பிட்டனுப்பினார். ஸ்பூனைக் கழுவி வைத்துவிட்டுப் போனேன்.