ஒரே தடவையில் அழுத்திய பட்டன்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலைத் தவிர. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நம்புவதைத் தவிர வேறு என்ன செய்ய.

மூன்று வருஷத்துக்கு முன்பு நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "எப்படிம்மா உனக்கு ஒரே தடவையில வந்துச்சு?" அந்த மருத்துவமனைக்காக, டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் ஆப்பை நீ முதன்முதலாக வடிவமைத்து, என்னை வைத்துச் சோதித்துப் பார்த்த அன்று. அப்பாவின் போனில் நீ வீடியோவில் வந்து, "நான் வாயே திறக்க மாட்டேன், நீயா பண்ணணும்" என்று உட்கார்ந்துகொண்டாய். நானும் என் போனில் டக் டக்கென்று அழுத்தி முடித்துவிட்டு, "நீ அவ்வளவு தெளிவா பண்ணியிருக்கேடி" என்றேன். அது பொய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நானும் அதைச் சாக்காக வைத்து மழுப்பிவிடுவேன் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நீ லிங்க்கை முந்தின நாளே அனுப்பிவிட்டாய். நாளைய பரீட்சைக்குக் கேள்வித்தாள் இன்றைக்கே கையில் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? என் பெண்ணின் முதல் ஆப், நான் தடுமாறினால் அவளுக்கு மார்க் குறையுமே என்று திறந்து பார்த்தேன். டாக்டர் பெயர் வந்தது, தேதி வந்தது, நேரம் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை, சுவர் மாதிரி நின்றது. அரை மணி நேரம் முட்டி மோதிவிட்டு மாடி வீட்டுக் கம்பவுண்டரைக் கூப்பிட்டேன். அவர் வாங்கிப் பார்த்து, "நீங்க எழுத்தைப் பெரிசா வெச்சிருக்கீங்க டீச்சர், அதான் பச்சை பட்டன் கீழ போயிடுச்சு, மேல தள்ளுங்க" என்று காட்டினார். அதை நாலு வரியாகக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி இடது கைப்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டேன். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி பிட்டு பிடித்தவள் நான்! வேண்டுமானால் அன்றைக்கு நீ பதிவு செய்து வைத்த வீடியோவை மறுபடி போட்டுப் பார். நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் இடது பக்கம் திரும்புவேன். "என்னம்மா, பால் பொங்குதா?" என்று நீகூடக் கேட்டாய். அடுப்பில் பாலே இல்லை.

பிறகு ஆப் வெளியே வந்ததும், வயதானவர்கள் எல்லாரும் அதே இடத்தில் நின்றுபோனார்கள். மருத்துவமனை மேலாளர் உன்னைக் கூப்பிட்டு, "எங்க படிச்சேம்மா நீ இதெல்லாம்?" என்று கேட்டதைச் சொல்லி அழுதாய். "உனக்கு வந்துச்சே, அவங்களுக்கு ஏன் வரல, நான் முறையா படிக்காததுதான் தப்பு" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்த மௌனம்தான் பொய்யைவிட என்னை உறுத்துகிறது. நீயோ அப்போது வேலை பார்த்த அச்சகத்தில் லீவு போட்டுவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்த மருத்துவமனை பெஞ்சில் பதினோரு நாள் உட்கார்ந்தாய். ஏழாம் நாள், போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு விழித்த லாரி டிரைவர் ஒருவரின் திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதைக் கண்டுபிடித்தாய். எழுத்து எவ்வளவு பெரிதானாலும் பட்டன் கண்ணைவிட்டுப் போகாதபடி மாற்றினாய். எனக்குக் கம்பவுண்டர் சொல்லித் தெரிந்தது, உனக்கு நீயே பார்த்துத் தெரிந்தது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன வாரம் அப்பாவின் முழங்காலுக்காக அதே மருத்துவமனை நம் ஊரில் திறந்திருக்கும் கிளைக்குப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் என் வயது அம்மாள் ஒருவர், ஒரு கையில் பை, ஒரு கையில் போன். யாரையும் கேட்காமல் கட்டை விரலால் அழுத்தி, அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டார். அப்பா என்னை இடித்து, "பாத்தியா, நம்ம பொண்ணு வெச்ச இடத்துல கைய வெக்கிறாங்க" என்றார். "அச்சாபீஸ்ல படம் போடறதெல்லாம் ஒரு வேலையா" என்று கேட்ட அதே மனிதர்தான்! இப்போது முடிவெட்டும் கடையில்கூட இதே பேச்சு என்று கேள்வி. எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்த அம்மாள் இடது பக்கம் திரும்பவே இல்லை என்பதையும் பார்த்தேன்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி பெரிய கம்பெனி நேர்முகத்தில், படிப்பு என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லாததால் என் வீடியோவைத்தான் முதலில் காட்டப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் கண்ணு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள், யாருடைய கண் எங்கே போகிறது என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவர்கள். ஒரு நிமிஷத்தில் என்னைப் பிடித்துவிடுவார்கள், நீ செட்டப் செய்ததாக நினைப்பார்கள். எனக்குத் தலைகுனிவு வந்தால் பரவாயில்லை, உனக்கு வரக்கூடாது. அந்த நோட்டைக் காட்டு, ஏழாம் நாள் பக்கத்தைத் திறந்து காட்டு. எங்கே படித்தாய் என்று கேட்டால் அந்த பெஞ்சைச் சொல். அச்சகத்தில் ஆர்டர் எழுதும் தாளில் எல்லாரும் போன் நம்பரை விட்டுவிடுகிறார்கள் என்று அந்த வரியைத் தாளின் உச்சிக்குத் தூக்கிய பெண் நீ. யாரும் சொல்லித்தரவில்லை. நான் ஆசிரியை, எனக்குத் தெரியும், சொல்லித்தந்தால் இது வராது.

கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். நீ தொட்டது துலங்கட்டும், நூறு வருஷம் நல்லா இரு. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட மறக்காதே.

இப்போது செய்துகொண்டிருக்கும் புது வேலையை, முன்கூட்டி எதுவும் அனுப்பாமல், ஒரு நாள் திடீரென்று கூப்பிட்டு அப்பாவிடம் கொடுத்துப் பார்; நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன்.

பிட்டு அடித்துப் பிடிபடாத,
உன் அம்மா