கேட்காமல் திருத்திய சொல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முதலில். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். என் கடிதத்தில் நீ அடித்தல் திருத்தல் கண்டிருக்கவே மாட்டாய். போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நானும் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

முதலில் மற்ற சேதிகள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, இனி அவன் தலைகால் புரியாமல் ஆடாமல் இருந்தால் சரி. மாடி வீட்டுக்காரர் மறுபடியும் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார், நம் படுக்கையறைச் சுவர் ஊறி ஒரு பெரிய வரைபடமே வந்திருக்கிறது. அச்சகத்தில் இன்னும் வாரத்துக்கு மூன்று நாள் என்னைக் கூப்பிடுகிறார்கள். பிழை பார்க்கக் கணினியே போதும் என்று முதலாளி மகன் சொல்லிக்கொண்டிருந்தான், போன வாரம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரில் 'பல்லியின் வளர்ச்சிக்கு உழைத்த ஆசிரியர்கள்' என்று வந்திருந்ததை நான் பிடித்துக் கொடுத்த பிறகு வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைப் பெருமையாக வேறு சொன்னேன். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இனிமேல் படித்தால் உனக்கே தெரியும்.

அம்மாவுக்கு ஒன்றரை வருடமாக உடம்பு முடியவில்லை. காலையில் எழுந்திருக்கும்போதே மூட்டை தூக்கியவள் போல அசதி, கையில் எடுத்த பாத்திரம் விழுவது, சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பது. நான் முதலில் வயசு என்றேன், அப்புறம் தூக்கம் போதவில்லை என்றேன், ஒரு நாள் எரிச்சலில் சோம்பல் என்றுகூடச் சொல்லிவிட்டேன், நாற்பது வருடமாக உட்காராமல் வேலை செய்தவளைப் பார்த்து. கடைசியில் நம் தெரு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 'என்னென்ன பண்ணுதுன்னு தினமும் ஒரு நோட்டுல எழுதுங்கம்மா, மூணு வாரம் கழிச்சுக் கொண்டு வாங்க' என்றார். அம்மா எழுதினாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள், சின்ன ர-வும் பெரிய ற-வும் அவளுக்கு ஒன்றுதான். விரல் சொன்னபடி கேட்காமல் வரிகள் கோட்டை விட்டு இறங்கியிருந்தன. அந்த நோட்டை டாக்டர் கையில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. முப்பத்தாறு வருடம் பிழை திருத்தியவனின் பெண்டாட்டி இப்படியா எழுதுகிறாள் என்று அவர் நினைப்பாரே என்று நினைத்தேன். அவள் உடம்பை நினைக்கவில்லை, என் பேரை நினைத்தேன். இதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து புது நோட்டில் எல்லாவற்றையும் சுத்தமாகப் பிரதி எடுத்தேன்.

அவள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'மறத்துப் போகுது' என்று இருந்தது. பெரிய ற. அப்படி ஒரு சொல் கிடையாது, ஓர் எழுத்து தப்பு, எந்த எழுத்து என்பதுதான் கேள்வி. ற-வை மாற்றினால் மரத்துப் போகிறது, விரலுக்கு உணர்ச்சி இல்லை. த்-தை மாற்றினால் மறந்து போகிறது. நான் த்-தை மாற்றினேன். அடுப்பை அணைக்காமல் விட்டது, கதவைப் பூட்டாமல் வந்தது எல்லாம் மறதி என்று ஏற்கெனவே எனக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது, நான் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தானே. அடுப்பைத் திருகவும் சாவியைத் திருப்பவும் அவள் விரலுக்குப் பிடிமானம் இல்லை என்று தோன்றவே இல்லை. அச்சகத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்வது ஒன்றே ஒன்று, சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவரைக் கேள், நீயாகத் திருத்தாதே என்பதுதான். எழுதியவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. அதோடும் நிற்கவில்லை. 'பாதத்துல பஞ்சு கட்டுன மாதிரி இருக்கு' என்று ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தாள், டாக்டருக்கு உவமையெல்லாம் எதற்கு என்று அதை அப்படியே வெட்டிவிட்டேன்.

டாக்டர் என் நோட்டைப் படித்தார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார், நானும் சிரித்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்து, 'இதுல இருக்கிறதெல்லாம் தினமும் நடக்குதாம்மா' என்று கேட்டார். 'தினமும்தான் டாக்டர்' என்றாள். அவள் விரலைச் சொன்னாள், அவர் மறதியைக் கேட்டார். அசதியும் மறதியும் சேர்ந்து வந்தால் மனச்சோர்வாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். ஏழு மாதம் அந்த மாத்திரையை மறுபேச்சில்லாமல் விழுங்கினாள், பகலெல்லாம் தூங்கி வழிந்தாள். நடுநடுவே கால் சரியில்லை என்று சொல்வாள், நான் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், மாத்திரை மெதுவாகத்தான் கேட்கும் என்பேன். சொல்லிச் சொல்லி அவளும் விட்டுவிட்டாள்.

மாத்திரை கேட்கவே இல்லை என்று போன மாதம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஞாபகப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு சின்ன வயசு டாக்டர் பெண்தான் பரிசோதித்தாள். ஐந்து சொற்கள் சொல்லிப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டாள், அம்மா ஐந்தையும் வரிசையாகச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள், நான் மனசுக்குள் போட்டுப் பார்த்து எழுபத்தொன்பதில் மாட்டிக்கொண்டேன், அம்மா இரண்டு வரை வந்து இதற்குக் கீழே போக வேண்டுமா என்று கேட்டாள். கடிகாரம் வரையும்போதுதான் பென்சில் இரண்டு தரம் கீழே விழுந்தது. ஏன் விழுகிறது என்று அந்தப் பெண் கேட்டதும், 'மரத்துப் போகுதும்மா, அதான் நோட்டுல அவ்வளவு எழுதியிருக்கேனே' என்றாள். 'இதுல மறந்து போகுதுன்னுதானே இருக்கு' என்று அந்தப் பெண் நான் கொண்டுபோயிருந்த நோட்டைத் திருப்பிக் காட்டினாள். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கம் படித்தாள். என் பிரதியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன், பார்க்கவில்லை. நோட்டை மூடி அந்தப் பெண்ணிடமே கொடுத்தாள். எனக்கு அந்த அறையில் நிற்க இடம் இல்லாத மாதிரி இருந்தது.

அன்றைக்கே நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ஊசி முனையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார், கணுக்காலுக்கு மேலே வந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. கண்ணை மூடி நிற்கச் சொன்னார், சாய்ந்துவிட்டாள், அவரே பிடித்துக்கொண்டார். பாதத்தில் பஞ்சு கட்டியது போல என்று அம்மா சொன்னதும் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்ன நோய் என்று இன்னும் தெரியவில்லை. முதுகுத் தண்டாக இருக்கலாம், ரத்தத்தில் ஏதாவது குறைவாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம் என்கிறார். பதினேழாம் தேதி ஸ்கேன், அதற்குப் பிறகு நரம்பில் மின்சாரம் வைத்து ஒரு பரிசோதனை. போன உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன், கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன் என்றார். அவருக்கு என் கதை தெரியாது, சாதாரணமாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்த அம்மா, நான் குனிந்து கழற்றும்போது, 'என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க' என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. அம்மாவுக்கு மறதி ஆரம்பித்துவிட்டது, பக்குவமாகப் பேசு என்று அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொன்னவன் நான். அதிலிருந்து நீயும் போன் செய்யும்போதெல்லாம் இன்றைக்கு என்ன கிழமை, நேற்று என்ன செய்தாய் என்று குழந்தையைக் கேட்கிற மாதிரி கேட்கிறாய். அவள் பொறுமையாகப் பதில் சொல்வாள். போனை வைத்ததும் என்னிடம், 'பாவங்க, கிழமைகூடத் தெரியாத அளவுக்குப் பிள்ளைக்கு அங்க வேலை' என்பாள். நீ கூப்பிடுகிற நேரம் வந்தால் முன்கூட்டியே காலண்டரைப் பார்த்து வைத்துக்கொள்கிறாள், உனக்குத் தடுமாறாமல் சொல்ல வேண்டுமாம். பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நோட்டு விஷயம் அவளுக்குத் தெரியும், இது தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து இன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்புகிறேன், தைரியம் வருமா தெரியவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருங்கள். உடம்புக்கு எது என்றாலும் உன் வாயாலேயே டாக்டரிடம் சொல், யாரையும் உனக்காகச் சொல்ல விடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அடுத்த தடவை பேசும்போது கிழமை கேட்காதே. நீ கேட்காவிட்டாலும் அவளாகவே சொல்வாள், சரிம்மா என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா