மவுஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

உன் கைக்கடிகாரம் இப்போது என் மேசையில், லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிய வட்டம், பழுப்பு நிற வார், ஆண்கள் கட்டுகிற மாதிரி. திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளாட்பாரத்தில் நீ அதை வாங்கியபோது நானும் கூட நின்றிருந்தேன். கடைக்காரர் பெண்கள் கட்டும் கடிகாரங்களாக எடுத்து வைத்தார். நீ எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நொடி முள் பெரிதாக இருக்கவேண்டும் என்று தெலுங்கில் சொன்னாய். மாப்பிள்ளைக்கா என்று அவர் கேட்டார். "இல்லண்ணா, மவுஸுக்கு" என்றாய். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அப்போது ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் நீதான் வீடியோவில் செய்து காட்டினாய். வீட்டிலிருந்து வேலை செய்யும் நம் எல்லார் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சளானால் நம் டீம் லீடிடமிருந்து "எங்கே போனீர்கள்?" என்று மெசேஜ் வரும். மவுஸைத் தூக்கிக் கடிகாரத்தின் மேல் வைத்தாய். கண்ணாடிக்குள் முள் ஓட ஓட, யாரோ கையால் நகர்த்துவதுபோல் திரையில் அம்புக்குறி நடுங்கியது. நீ எழுந்து கேமராவுக்கு வெளியே போனாய். புள்ளி பச்சையாகவே இருந்தது.

"நைனாவுக்கு சோறு போடறதுக்கெல்லாம் இவங்களுக்கு பதில் சொல்லிக்கினு இருக்கணுமாக்கா?" என்று உன் குரல் மட்டும் கேட்டது.

நீ வடமாலபேட்டையில், நான் திருப்பதியில் இந்த இரண்டு அறை வீட்டில். நீ எழுதும் புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. உன்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவள், தனியாக இருப்பவள். வேலையில் தொடங்கிய பேச்சு எப்படியோ சாப்பாட்டுக்கு வந்தது. தினமும் ஒன்றரை மணிக்கு இருவரும் கேமராவை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். பாதி நாள் பேசவே மாட்டோம். நீ ஊறுகாய் பாட்டிலைத் திறக்கிற சத்தம், உன் வீட்டு மிக்ஸி, தெருவில் காய்கறி வண்டி. என் வீட்டில் அந்த அரைமணி நேரம்தான் இன்னொரு ஆள் இருந்ததுபோல் இருக்கும்.

நீ நைனா என்று கூப்பிடும் உன் அப்பாவை நான் அண்ணா என்று கூப்பிட்ட முதல் நாள் நீ விடவில்லை. அப்படியென்றால் நான் உனக்கு அத்தை முறை, இனிமேல் அக்கா கிடையாது, அத்தைக்குப் பையன் இருந்தால் காட்டு என்று ஒரு வாரம் கேலி செய்தாய்.

சனிக்கிழமைகள் உன்னுடையவை. பத்து மணி வரை தூங்கி, ஸ்கூட்டியில் வருவாய். ஒரு சினிமா, இல்லாவிட்டால் மிளகாய் பஜ்ஜி. சில வாரம் நாராயணவனம் கோயிலுக்குக் கூட்டிப்போவாய். நான் சாமி பார்த்துவிட்டு வரும்வரை மண்டபத்துத் தூணில் சாய்ந்து, போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். உள்ளே வரவில்லையா என்றால், யாரும் என்னை எதுவும் கேட்காத இடம் இதுதான், சாமி உட்பட, என்பாய். மணிக்கட்டு வலி வந்தபோது உன் நைனா உன்னைப் புத்தூருக்குக் கட்டுப் போட அழைத்துப்போனாரே, அந்தக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பாய். கட்டுப் போடுபவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "எலும்பு ஒடஞ்சா கட்டலாம். எலி புடிச்சி வந்த வலிக்கு நான் இன்னா கட்றது?"

நீ காய்ச்சலோடு வேலைக்கு உட்கார்ந்த அன்றைக்கு ரிலீஸ், நம் புரோகிராம் வாடிக்கையாளர் கைக்குப் போகிற நாள். காலை ஒன்பது மணி மீட்டிங்கில் உன் குரல் கம்மியிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல், மாத்திரை போட்டுக்கொண்டேன், முடித்துவிடுவேன் என்றாய். லீவு போடு என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ரிலீஸ் அன்று ஆள் குறைந்தால் அந்த வேலை யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒன்றரை மணிக் கால் வேண்டாம், நேரமில்லை என்று நான்தான் மெசேஜ் போட்டேன். சரிக்கா என்று பதில் வந்தது.

பதினொன்றரைக்கு ஒரு தப்பை உனக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பன்னிரண்டரைக்கு மறுபடி. இரண்டு மணிக்கு எனக்குக் கோபம் வந்தது. பச்சையாக இருக்கிறாள், பார்த்துவிட்டு வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். மூன்று கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. இப்போதும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கடைசியாக இருப்பது அந்த மூன்று கேள்விக்குறிதான்.

பச்சை காட்டினால் சரியென்று நம்பாமல் இன்னொரு தரம் சோதித்துப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அதிலும், அந்தப் பச்சைக்கு அடியில் என்ன இருக்கும் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். போன் எடுத்து ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். நீ எடுக்காவிட்டால் உன் நைனாவைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் நம்பரும் என்னிடம் இருந்தது. கூப்பிடவில்லை.

கடலைக் காட்டிலிருந்து அவர் நாலு மணிக்குத் திரும்பியபோது நீ கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாய். திருப்பதி ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். கண்ணாடி வழியாகத்தான் உன்னைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நீ இல்லை. மத்தியானமே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்க வாய்வரை வந்தது. அவர் என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்றரை மணிக்கு நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். சனிக்கிழமைகளில் துணி துவைக்கிறேன். உன் இடத்துக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். அவன் பெயர் பச்சையாக இருந்தாலும் நான் போன் போடுகிறேன். மெசேஜ் போட்டால் போதாதா மேடம் என்று சலித்துக்கொள்கிறான். குரல் கேட்டதும் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் நைனா வந்தார். இளைத்துப்போயிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து காகிதம் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். பிரித்தால் கடிகாரம்.

"லேப்டாப்பு, சார்ஜரு எல்லாத்தையும் ஆபீஸ்காரங்க வாங்கிக்கினு போய்ட்டாங்கமா. இத வுட்டுட்டாங்க. எப்பவும் மவுஸு இதுமேலயே தான் இருக்கும். பின்னால யாரும் பாப்பாவ எதுவும் சொல்லிடக்கூடாது பாரு, நீயே குடுத்துடு" என்றார்.

ஆபீஸ் சாமான் என்று நினைத்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். இது அவளே வாங்கியது என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார். முள் ஓடினால் மவுஸ் அசைவதுபோல் தெரியும், ஆள் உட்கார்ந்து வேலை செய்வதாக ஆபீசுக்குக் காட்டும், அந்த நேரத்தில் எழுந்து போகலாம் என்று மெதுவாக விளக்கினேன்.

அவர் கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு பாப்பா வேல செஞ்சிக்கினு இல்ல?"

"இல்லண்ணா. இதுமேல வச்சிட்டுப் போய்ப் படுத்துட்டா."

"படுத்துக்கினு தான் இருந்துதா" என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அம்மாம் காச்சல்ல பொட்டி முன்னாடி குந்திக்கினு இருந்துச்சேன்னு நெனச்சி நெனச்சி ஒரு வாய் எறங்கல மா எனக்கு."

மிச்சத்தைச் சொல்ல அதுதான் நேரம். எனக்கும் இந்தத் தந்திரம் தெரியும், நாள் முழுக்க அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அண்ணா என்று தொடங்கினேன். அவர் தலை நிமிர்ந்து, சோறு இருக்கிறதா என்று கேட்டார்.

சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தலை குனிந்து நிதானமாகச் சாப்பிட்டார். உனக்குச் செய்த தப்பை உன் அப்பாவிடம் சொல்ல, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் தட்டைக் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடுமா" என்றார்.

போட்டேன்.