ரேணுகா போட்ட கையெழுத்து

ஆவடி,
செவ்வாய்க்கிழமை

மாப்பிள்ளை கோகுல்நாத் அவர்களுக்கு, மாமனார் அப்பாவு எழுதுவது.

குழந்தை ஜோதிகா பிழைத்துவிட்டாள். உங்கள் பனிமலை முகாமில் டவர் கிடைக்காததால் கடிதம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் காய்ச்சல் மறுபடி ஏறியது. ரத்தப் பரிசோதனை என்று சொல்லி ரேணுகா மருந்தைத் தாமதப்படுத்துகிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அதை நம்பி நீங்கள் அவளைத் திட்டி எழுதிய நாலு வரியை நானும் படித்தேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊசி குத்திக் குத்திக் குழந்தையின் கை வீங்கியிருந்தது. இனி ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டேன் என்று கட்டிலை மறித்து நின்றேன். நர்ஸ் ராணி, "இன்னா பெர்சு, டாக்டரு நீயா? நவுரு" என்றாள். நான் நகரவில்லை. ரேணுகா என்னைச் சுற்றிக்கொண்டு போய்ச் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். ரத்தம் எடுத்த கையோடு மருந்தும் ஏறியது. தாமதம் என்று நான் எழுதியது பொய்.

முன்பு என்னென்ன மருந்து கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். புத்தகம் படித்தே வைத்தியம் கற்றவன் என்று குவார்ட்டர்ஸில் எனக்குப் பெயர். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதும் மருந்தை நிறுத்தி, மீதிப் பாட்டிலை ஃப்ரிட்ஜ் கதவில் வைத்து, அடுத்த காய்ச்சலுக்கு இரண்டு நாள் கொடுப்பேன். அதை ரேணுகா வார்டு முழுக்கக் கேட்கும்படி டாக்டரிடம் சொல்லிவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது.

ரத்தம் எடுத்த மூன்றாம் நாள் முடிவு வந்தது. ரத்தத்தில் கிருமி. வழக்கமாகப் போடும் மூன்று மருந்துக்கும் அது அடங்காதாம், நான்காவதற்கு அடங்குமாம். மாற்றினார்கள், காய்ச்சல் விட்டது. ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்கலாம், என் பாட்டில்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆகவே பழியை முழுதாக ஏற்க மாட்டேன். பாட்டில்களை மட்டும் கொட்டிவிட்டேன்.

முப்பது வருடத்தில் தொழிற்சாலையில் எந்த சூப்பர்வைசரும் என்னை மறுத்துப் பேசியதில்லை. என் மகள் பேசினாள். இப்போது பக்கத்துக் கட்டில் யூசுப், தன் பையனுக்கு ரத்தம் எடுக்க வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார். அவளைப் பெற்றவன் நான் என்று அவரிடம் சொல்லிக்கொண்டேன்.

ஊசி இன்னும் ஒன்பது நாள் பாக்கி. காய்ச்சல் விட்டாலும் நிறுத்தமாட்டோம்.

மாப்பிள்ளை, என்னைத் திட்டுவதானால் எனக்கே எழுதுங்கள். அவளுக்கு, நீ செய்தது சரி என்று ஒரு வரி உடனே எழுதுங்கள். இந்த வீட்டில் அதை அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது.

உங்கள் நலம் வேண்டும்,
அப்பாவு