அதுவரைக்கும்

மாநாட்டில் கொடுத்த துணிப்பையை இன்று காலைதான் காலி செய்தேன். அடியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பஞ்சு அடைப்பான்கள் கிடந்தன. இரைச்சலிலிருந்து காதைக் காக்கச் செருகிக்கொள்வதற்கு. செவித்திறன் பற்றிய கூட்டம் எதற்குப் போனாலும் இதைக் கொடுத்துவிடுகிறார்கள். நீ இருந்திருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் விட்டுப்போனதையும் சேர்த்துப் பொறுக்கியிருப்பாய். ஒன்றை விரலில் உருட்டினேன். சுருங்கிக் குச்சியாகி, விட்டதும் மெல்லப் பழையபடி ஆனது. உனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

இப்படிப் பொறுக்கியதை எடுத்துக்கொண்டுதான் நாகலாபுரத்தில் உன் சித்தி பேத்தியின் காதணி விழாவுக்குப் போனாய். என்னையும் இழுத்துப் போனாய். பந்தல் வாசலில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கி, நெஞ்சு அதிர அதிரப் பாட்டுப் போட்டிருந்தார்கள். காதுக்கு விழா எடுக்கிற இடத்திலேயே காதைக் கெடுக்கிறார்களே என்று உனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்திருந்த மாமாவிடம் அடைப்பானை நீட்டினாய். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத குத்துன எடத்துல வைக்கணுமா?" என்றார். நீ கத்திக் கத்தி விளக்கியது அவர் காதில் விழவே இல்லை. மைக் செட்காரரிடம் போய் நின்றாய். "சத்தம் கொறஞ்சா கூட்டம் எந்திரிச்சுப் போயிரும் டாக்டர்" என்று பட்டம் கொடுத்து அனுப்பி வைத்தார். நாம் டாக்டர் இல்லை, காது கேட்கிறதா என்று சோதிக்கிறவர்கள் என்று சொல்லவும் அங்கே வழியில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அந்த அடைப்பான்களை நீயே காதில் செருகிக்கொண்டாய்.

கோவில்பட்டியில் நம் சோதனை அறை இன்னும் அதே அளவுதான். ஒரு சொல்லைச் சொல்லி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனைக்கு முதலில் நம்மிடம் அச்சில் வந்த பட்டியல்தான் இருந்தது. அதில் படகு வரும், அன்னம் வரும். பருத்திக்காட்டு வேலைக்காரர்கள் கேட்டும் கேட்காத மாதிரி முழிப்பார்கள். "இவிய என்ன படகுல ஏறியா பருத்திக்கு மருந்து அடிக்காவ?" என்று எரிச்சல்பட்டு நீயே சொற்களைப் பொறுக்கினாய். கம்பு, பாசி, சாக்கு, கெடா, குச்சி. மின்விசிறியை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து உன் குரலிலேயே பதிவு செய்தாய். "சொல்லுங்க, கம்பு." "சொல்லுங்க, பாசி." ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தச் 'சொல்லுங்க'.

அந்தப் பட்டியலோடுதான் நாம் முதல் மாநாட்டுக்குப் போனோம். உன் முறை முடிந்து, அடுத்து வந்தவர் காதுக்குள் இருக்கும் நுண்முடி அணுக்களை மருந்துகளின் விஷத்திலிருந்து காப்பது பற்றிப் பேசினார். எலிகளுக்குப் பலன் இருக்கிறது, மனிதர்களுக்கு இன்னும் ஆய்வு தேவை என்று முடித்தார். நீ மைக்கை வாங்கினாய். "நல்ல சேதி சார். அதுவரைக்கும்?" என்றாய். அரங்கம் சிரித்தது. தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் நீ அதையே கேட்டாய். உனக்கு 'அதுவரைக்கும் மேடம்' என்றே பெயர் விழுந்தது. சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டர் உன்னிடம் எதையும் மறைக்கவில்லை. காதுக்குத் தீங்கு குறைந்த மருந்து ஒன்று உண்டு, ஆனால் இந்தக் கட்டி பிளாட்டினம் மருந்துக்குத்தான் நன்றாகக் கேட்கும் என்றார். நீ என் பக்கம் திரும்பி, "பாத்தியாட்டி, கட்டிக்குக்கூடக் காது இருக்கு" என்றாய். அந்த மருந்து செவியை என்ன செய்யும் என்று நம் இருவருக்கும் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெளியே வந்து, "காது போனா மிஷின் வச்சுக்கிடலாம். உசுருக்கு மிஷின் கெடையாதுல்லா" என்று நீயே முடித்துவிட்டாய்.

ஒவ்வொரு முறை மருந்து ஏறிய பிறகும் நம் அறைக்குத்தான் வந்தாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். முதலில் மெல்லிய கீச்சொலிகள் போயின. ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவேன். நீ மோட்டுவளையைப் பார்த்தபடி, இன்னும் தொடங்கவில்லை என்ற நினைப்பில் பொறுமையாக உட்கார்ந்திருப்பாய். என் கையில் இருந்தது ஒலியைக் கூட்டும் அந்த ஒரு திருகுதான். அதைத் திருப்புவதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

சொல் சோதனையில் மட்டும் நீ தவறவே இல்லை. பட்டியல் முழுக்க உனக்கு மனப்பாடம். கடைசியாக வந்தபோது வரிசையைக் கலைத்துப் போட்டேன். இரண்டு சொல் ஓடியதும் நீ காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "யாருட்டி இவ? வாய்க்குள்ளயே முழுங்குதா. பல்லில்லாதவ பேசுத மாதிரில்லா இருக்கு" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கேலியாகச் சொன்னாயா, உன் குரல் உனக்கே அடையாளம் தெரியவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

காதைக் கொடுத்தாவது உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்றுதான் நம்பினோம். இரண்டும் போயின. கடைசி நாட்களில் உன் பக்கத்தில் உட்கார்ந்து என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தேன். அதில் எவ்வளவு உனக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியவில்லை. அடுத்தவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இந்த முறை மாநாட்டிலும் மருந்து விஷம் பற்றி ஓர் உரை இருந்தது. நம்பிக்கை தெரிகிறது, இன்னும் ஆய்வு தேவை என்று ஒரு சின்ன வயது ஆய்வாளர் முடித்தார். மைக் கை மாறி என்னிடம் வந்தது. உன் கேள்வியைக் கேட்டேன். பழைய ஆட்கள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை, "தெரியல மேடம்" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

பையை ஓரமாக வைத்துவிட்டு, காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டேன். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஆடு மேய்க்கும் அண்ணாச்சி. காதில் ஹெட்போனை மாட்டி உன் குரலை ஓடவிட்டேன். கம்பைச் சொன்னார், சாக்கைச் சொன்னார். கெடா வந்ததும் முகமெல்லாம் மலர்ந்து, ஹெட்போனைக் கழற்றினார்.

"யாரு தாயி இது? நம்ம பக்கத்துப் பிள்ள மாதிரி பேசுது."

"ஆமா அண்ணாச்சி. நாகலாபுரம்."

"ஒவ்வொரு சொல்லும் எம்புட்டுத் தெளிவா வருது. எதுக்கு மிஷின்ல கேட்டுக்கிட்டு? அந்தப் பிள்ளய நேர்ல வரச் சொல்லுங்க. எனக்கு இன்னும் நல்லாக் கேக்கும்."

என் பக்கத்தில் நீ உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது; அதைப் பார்த்தேன்.

"வரட்டும் அண்ணாச்சி" என்றேன். "அதுவரைக்கும் இதையே கேளுங்க."

ஹெட்போனைத் திரும்ப மாட்டிவிட்டுத் திருகைத் திருப்பினேன். சொல்லுங்க, பாசி என்றாய்.